போனில் பெய்த மழை

அன்றைக்கு என் கணவர் என்னைத் தொட்டு எழுப்பியபோது, வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தால் ஒரே இருட்டு. மின்விசிறி நின்றிருந்தது. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் விழுந்ததில், அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"கரண்ட் போயிடுச்சா?" என்றேன்.

"நான்தான் மெயினை ஆஃப் பண்ணேன். எங்கியோ இன்னாவோ கூவிகினே கீதுமே, விசில் மாதிரி. ஃபிரிட்ஜுன்னு நெனச்சேன், அத்த ஆஃப் பண்ணேன். அப்பால இன்வெர்ட்டர்னு நெனச்சேன். இப்போ ஊடு பூரா ஆஃப். இன்னும் கேக்குது. உனக்குக் கேக்கல?"

காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு கேட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவர் மொட்டைமாடிக்குப் போனார். பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்குமோ என்று சந்தேகம். நானும் பின்னாலேயே ஏறினேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். வெளிவட்டச் சாலையில் லாரிகள் போகும் இரைச்சல்தான் மெலிதாக வந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூடுனா இன்னும் ஜாஸ்தியா கீது," என்றார்.

சத்தம் வெளியே எங்கும் இல்லை என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. கீழே வந்து மெயினைப் போட்டோம். ஃபிரிட்ஜ் ஒரு உதறு உதறிவிட்டு ஓட ஆரம்பித்தது. அன்றைக்கு அதற்குமேல் யாரும் தூங்கவில்லை.

நாங்கள் இருப்பது ஆவடியை அடுத்த வெள்ளானூரில். அவருக்குப் பிறந்த ஊரே அதுதான். அவருடைய அப்பா நெல் போட்ட நிலமெல்லாம் மனைகளாகிப்போக, மிஞ்சிய துண்டில் ஒரு ஹாலும் இரண்டு படுக்கையறையுமாக வீடு கட்டிக்கொண்டோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் எந்திரத்தில் அவருக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு இரத்தப் பரிசோதனை மையத்தில் வேலை செய்கிறேன். வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் நிற்பார்கள். அதனால் நான் இருட்டோடு எழுந்து கிளம்பவேண்டும். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோழித் தூக்கம். எதிர்வீட்டில் கதவு சாத்தினால் இங்கே கண் திறந்துவிடும். அவர் அதற்கு நேர்மாறு. தலை தலையணையில் பட்டதுதான் தெரியும், அடுத்த நிமிடம் கட்டைபோலக் கிடப்பார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் வீறிட்டு அழுவாள், நான் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன், பக்கத்திலேயே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தூக்கத்தைப் பார்த்து எத்தனையோ இரவு பொறாமைப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் இப்போது இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தார்.

பகலில் ஷாப்பில் எந்திரச் சத்தத்தில் அவருக்கு அது தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிவியை அணைத்ததும் ஆரம்பித்துவிடும். முதலில் மாமூலாகப் பேசிக்கொண்டிருந்தவர், நாளாக ஆகப் பேச்சைக் குறைத்தார். சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்னங்க?" என்றால், "ஒண்ணுமில்ல, பேஜாரா கீது" என்பார். காதில் எண்ணெய் விட்டுப் பார்த்தார். பூண்டைத் தட்டித் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் நான்தான் வற்புறுத்தி, அம்பத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

மருத்துவர் என் வயதுப் பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். வெகுநேரம் அவர் பொத்தானை அழுத்தவே இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, முழுக் கவனத்தோடு, எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கீச்சுன்னு வர்ற சத்தத்தைக் கேக்குற சக்தியைக் காது கொஞ்சம் இழந்திருக்கு," என்றார் மருத்துவர். "காது அனுப்பாததை மூளை தானே போட்டு நிரப்பிக்குது. அதான் உங்களுக்குக் கேக்குற விசில்."

"ஷாப்புல பஞ்சு குடுப்பாங்க மேடம். நான்தான் போட மாட்டேன்," என்றார் அவர்.

"இனிமே போடுங்க. மத்தபடி இதை அப்படியே நிறுத்துற மாத்திரை எதுவும் என்கிட்ட இல்லை. ஆனா ராத்திரி ரொம்ப நிசப்தத்துல படுக்காதீங்க. அமைதியா இருந்தா அந்தச் சத்தம் பெருசா தெரியும். ஃபேன், மழை, அருவி, ஏதாவது மெதுவா ஓடட்டும். விசில் முழுசா மறையணும்னு இல்லை. ரெண்டும் சேர்ந்து கேட்டாப் போதும், மூளை அதைக் கண்டுக்காம விடப் பழகும்."

வெளியே வந்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஏதோ கட்டி, கட்டி என்று உள்ளுக்குள் பயந்திருக்கிறார். எனக்கும் நிம்மதிதான். ஆனால் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, இனி ராத்திரியெல்லாம் அறையில் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும் என்பது மெதுவாக உறைத்தது.

அன்று மாலையே மகளுக்குப் போன் போட்டோம். அவள் ஒரு செயலியை அனுப்பிவைத்து, ஸ்பீக்கரில் விளக்கினாள்.

"இதுல எல்லாம் இருக்குப்பா. மழை, கடல், காடு, ரயில். காபிக் கடைச் சத்தம் கூட இருக்கு."

"டீக்கடை கீதா பாரு. அதுன்னா தலைகாணில சாயறதுக்குள்ள தூங்கிப்பூடுவேன்," என்றார் அவர். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூவரும் சிரித்தோம்.

ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, கடைசியில் மழையில் நின்றார். கீற்றுக் கூரையில் விழுவதுபோல, காற்றோ இடியோ இல்லாத ஒரே சீரான மழை. போனைத் தலைமாட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தார். நான் விளக்கை அணைத்துவிட்டு வருவதற்குள் அவருடைய மூச்சு மாறிவிட்டது. தூங்கிவிட்டார். இருட்டில் அவர் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மனசு நிறைந்திருந்தது.

எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியாது, திடுக்கென்று எழுந்தேன். மழை! மாடியில் துணி காய்கிறது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறி ஓடினேன். மேலே போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடந்தது. கொடியில் அவருடைய சட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. நானே சிரித்துக்கொண்டு இறங்கி வந்தேன். காலையில் அவரிடம் சொன்னபோது அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த இரவும் எழுந்தேன். அதற்கடுத்த இரவும். போனில்தான் பெய்கிறது என்று புத்திக்குத் தெரியும். ஆனால் தூக்கத்தில் புத்தி எங்கே இருக்கிறது? சில வருடங்களுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் ஏறிவிட்டது. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், கணுக்கால் வரை சில்லென்று நனைந்தது. ஃபிரிட்ஜ் போயிற்று, மகளின் புத்தகங்கள் போயின, அரிசி போயிற்று. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடியில் ஒரு தார்ப்பாயின் கீழ் இரவைக் கழித்தோம். அதிலிருந்து நல்ல மழை பெய்தால் நான் படுப்பதில்லை. ஹால் விளக்கைப் போட்டுக்கொண்டு வாசல் படியில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். உலகத்தில் யாரையோ தாலாட்டுவதற்காக யாரோ பதிவு செய்து வைத்த மழை, என்னை ராத்திரி முழுக்க வாசற்படிக்கு விரட்டிக்கொண்டிருந்தது. கண் விழிப்பேன், காலால் தரையைத் தொட்டுப் பார்ப்பேன், காய்ந்திருக்கிறது என்று தெரிந்தபின் மறுபடி படுப்பேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை.

அவரிடம் சொல்லவில்லை. அவர் தூங்குகிறாரே, அது போதும் என்றிருந்தது. காலையில் முகம் கழுவிவிட்டு வந்து, "சோக்கா தூங்கினேன்மே" என்று அவர் சொல்லும்போது, நான் தூங்காத கதையை எடுக்க வாய் வரவில்லை.

ஆனால் உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? வாரங்கள் போகப் போக எனக்கு எல்லாமே கனமாகிவிட்டது. பல் தேய்ப்பது, இட்லிக்கு அரைப்பது, பேருந்தில் படியேறுவது, எதைச் செய்தாலும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு செய்வதுபோல இருந்தது. யாராவது சாதாரணமாக ஏதாவது கேட்டால் கூட எரிச்சல் வந்தது. குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவிருக்காது. மையத்தில் முன்பெல்லாம் நான்தான் ஊசி குத்தவேண்டும் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. விரலால் தடவியதும் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இப்போது ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நாள் வாடிக்கையாக வரும் ஒரு பாட்டியம்மாவுக்கு இரண்டாவது தடவை குத்தவேண்டியதாகிவிட்டது. அந்த அம்மா வலியைப் பொறுத்துக்கொண்டு, "ராவுல தூங்கலியா கண்ணு? கண்ணெல்லாம் குழி உழுந்து கீது" என்று என் கையைப் பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, டியூப்பில் பெயர் ஒட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அதே வாரத்தில்தான் அந்த ரயில் விஷயம் நடந்தது. மதியம் வேலை முடிந்து அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆவடி எத்தனை தூரம், இதோ வந்துவிடும். பையை மடியில் வைத்து, தலையைக் கம்பியில் சாய்த்ததுதான் தெரியும். பிறகு யாரோ தோளைத் தட்டினார்கள். பூக்கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"எங்க இறங்கணும் நீங்க? ரொம்ப நேரமா தூங்கறீங்க."

"ஆவடி."

"ஆவடியா? அது எப்பவோ போயிடுச்சேம்மா. இது வேப்பம்பட்டு."

பதறி இறங்கினேன். ரயில் போய்விட்டது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நடைமேடையில் சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கன்னத்தில் கம்பியின் தடம் பதிந்திருந்தது, வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. வெட்கமாக இருக்கவேண்டியதுதான். ஆனால் எனக்கு அதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. பல வாரங்களாகக் கிடைக்காத ஒரு தூக்கம் அந்தக் கடகடப்பில், அந்த இரைச்சலில், சுற்றிலும் அத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கும்போது கிடைத்திருக்கிறது. அது முடிந்துவிட்டதே என்றுதான் வருத்தமாக இருந்தது. எதிர் நடைமேடைக்குப் போகவேண்டும். படியேறப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய போன் வந்தது. அன்றைக்கு அவருக்குக் காலை ஷிஃப்ட், வீட்டுக்கு வந்திருந்தார்.

"எங்கமே கீற? சாவி பக்கத்தூட்ல கூட இல்ல."

"வேப்பம்பட்டுல."

"வேப்பம்பட்டுலயா? அங்க இன்னா வேல உனக்கு?"

"தூங்கிட்டேங்க. ரயில்ல தூங்கிட்டேன்." பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். "ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லைங்க. அந்த மழை போட்டதுல இருந்து."

"அங்கியே குந்து. நான் வண்டில வரேன்," என்றார்.

ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். நான் துணி எடுக்க ஓடியது, காலால் தரையைத் தொட்டுப் பார்ப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இளநீர்க் கடைக்காரரின் கத்தியையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இத்தினி நாளா வாயத் தொறக்காம கீறியே," என்றார். "நான் பாட்டுக்கு சோக்கா தூங்கினேன் சோக்கா தூங்கினேன்னு சொல்லிகினு கீறேன்."

அன்று இரவு அவர் மழையைப் போடவில்லை. "இன்னிக்கு நீ தூங்கு" என்றார். நானும் படுத்தேன். ஆனால் பக்கத்தில் ஒருவர் தூங்காமல் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பது தெரிந்தால் எப்படித் தூங்குவது? கொஞ்ச நேரத்தில் அவர் பூனை மாதிரி எழுந்து சமையலறைக்குப் போய், அங்கே ஓடும் ஃபிரிட்ஜின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இப்படியே சில இரவுகள் போயின. முன்பு ஒருவராவது தூங்கிக்கொண்டிருந்தோம். இப்போது இருவருக்கும் இல்லை.

பிறகு நாங்கள் பார்க்காத வழியில்லை. மழை தனக்கு மட்டும் கேட்கும்படி காதுக்குள் வைக்கும் சின்ன இயர்போனை வாங்கினார். ஒருக்களித்துப் படுத்தால் வலித்தது. விழுந்து தொலைந்தால் போர்வையை உதறித் தேடவேண்டும். கடல் அலையைப் போட்டோம். ஒரு அலை வந்து போனதும் அடுத்தது எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் இணையத்தில் தம்பூரா ஒலியைப் போட்டார். அது இருவருக்கும் இதமாகத்தான் இருந்தது. நல்ல தூக்கம் வருகிற நேரத்தில், 'உடனடிக் கடன் வேண்டுமா?' என்று விளம்பரத்தில் ஒருவன் உற்சாகமாகக் கத்தினான். இருவரும் ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்தோம். மார்கழிக் குளிரில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பார்த்ததில் அவருக்குச் சளி பிடித்தது.

கடைசியில் நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனேன். அதைச் சொல்லும்போது இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கல்யாணமானதிலிருந்து, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனதைத் தவிர, தனியாகப் படுத்ததில்லை. "கொஞ்ச நாளைக்குத்தானே," என்றேன். "ஆமாமா," என்றார் அவர், போனில் மழையைத் தேடிக்கொண்டே. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள், அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். அன்றைக்கு மையத்தில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை குத்தவில்லை.

இது யாருக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவருடைய அக்கா வந்துவிட்டார். மாங்காட்டில் இருக்கிறார், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், பெயிண்ட் நெடி ஆகவில்லை என்று இரண்டு நாள் தங்க வந்தார். பையை வைக்க மகளின் அறைக்குள் போனவர், அங்கே என் தலையணை, தண்ணீர் பாட்டில், அலாரம் கடிகாரம், கொடியில் என் நைட்டி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். வெளியே வந்து காபியைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தபின் ஆரம்பித்தார்.

"இன்னாடா நைனா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"அப்பால எதுக்கு அவ தனியா படுக்கறா? பொண்ணு கட்டிக் குடுக்கற வயசுல கீது. நாலு பேரு கேட்டா இன்னா சொல்வாங்க?" என்னைப் பார்த்தார். "இன்னாமே, உனக்குத்தான் இன்னா கொறை? அவன் உடற குறட்டை பொறுக்க முடியலியா? எங்க ஊட்ல அவரு உடற குறட்டைக்கு நான் எங்க போய் படுக்கறது?"

மழை, காது, மூளை என்று எதிலிருந்து ஆரம்பிப்பது? நான் பெரிய சுகவாசி, புருஷன் உடம்பு சரியில்லாதபோது தனியறை தேடிக்கொண்டவள், இப்படித்தான் அவர் மனதில் பதிந்திருக்கும். அன்றைக்கு இருந்த அசதியில் எனக்கேகூட அது உண்மைதானோ என்று தோன்றியது. தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன்.

"நீ குந்துமே," என்றார் அவர். "அக்கா, நீயும் குந்து. ஒண்ணு கேக்கவைக்கிறேன்."

போனை எடுத்து எதையோ தேடினார். விரலால் ஒரு கோட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு சத்தத்தைக் கூட்டினார்.

மெல்லிய, கூர்மையான ஒரு விசில் ஹாலில் பரவியது. ஏற்றமோ இறக்கமோ, மூச்சு வாங்குவதோ இல்லை. கம்பியைக் காதுக்குள் விட்டு இழுப்பதுபோல இருந்தது. அக்கா உடனே முகத்தைச் சுளித்தார். கொஞ்ச நேரம்தான், எனக்குப் பல் கூசியது, நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பித்தது.

"அத்த நிறுத்துடா!" என்றார் அக்கா.

அவர் நிறுத்தினார். "இதான்க்கா என் காதுல ஓடிகினு கீது. இத்த என்னால நிறுத்த முடில. பகல்ல, ராவுல, உன்கிட்ட பேசிகினு கீறேனே, இப்பவும். மழைச் சத்தம் போட்டாத்தான் கொஞ்சம் அடங்குது. மழ போட்டா இவளால தூங்க முடில. வெள்ளத்துல மாட்டினவ. அதான் தனியா படுக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன்."

அவர் சொல்லவில்லை, நானாகப் போனதுதான். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் தலையைப் பிடித்து, சின்னப் பையனுக்குச் செய்வதுபோலக் காதுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே என்ன தெரியப்போகிறது?

இத்தனை மாதமாக அவரோடு மருத்துவரிடம் போயிருக்கிறேன், எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏதோ வண்டு ரீங்காரம் மாதிரி, மறந்துவிடக்கூடிய ஒன்றாக மனதுக்குள் வைத்திருந்தேன். அக்கா குளிக்கப் போனதும் கேட்டேன்.

"இதை எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"அந்தக் காது டெஸ்ட் எடுத்தாங்களே, அப்பால பொண்ணுதான் இந்த மாதிரி ஆப் கீதுன்னு சொல்லிச்சு. பஸ்ல போவும்போது நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒரு எடத்துல கரெக்டா ஒக்காந்துச்சு."

"என்கிட்ட ஏன் போட்டுக் காட்டலை?"

"நீயே தூங்காம கீற. உன் காதுலயும் எதுக்கு இத்தப் போடணும்?" என்றார்.

அன்றைக்கு இரவு மகளின் அறையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் அறையிலேயே படுத்தேன். மழை ஓடியது. வழக்கம்போல நான் விழித்தேன். காலைத் தரையில் வைத்துப் பார்த்தேன். பிறகு ஒருக்களித்துப் படுத்து, அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை, ஆனால் எரிச்சலும் வரவில்லை.

மறுபடி மருத்துவரைப் பார்க்கப் போனபோது நானும் உள்ளே போய் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். அந்த அம்மா சிரிக்காமல் கேட்டார். "மழை உங்களுக்கு ஒத்துக்காதுன்னா வேற மாத்திப் பாருங்க. இதமான சத்தம்னு பொதுவா ஒண்ணு கிடையாதும்மா. ஒருத்தருக்கு இதமா இருக்கிறது இன்னொருத்தருக்கு இருக்காது. ராத்திரி பூரா ஓடணும்னும் இல்லை. அவர் அசந்து தூங்குற வரைக்கும் ஓடட்டும், அப்புறம் தானா நிக்கற மாதிரி வச்சுப் பாருங்க," என்றார்.

அதன்படிதான் இப்போது. ஒரு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும்படி மகள் செய்து கொடுத்தாள். மழையை விட்டுவிட்டு ரொம்பத் தேடி, குழாய்க்குள் காற்று போவதுபோல உஸ்ஸென்று ஒரே மாதிரி இருக்கும் ஒன்றைப் பிடித்தோம். அதற்கென்று தனிப் பெயர்கூட இல்லை, பழுப்பு இரைச்சல் என்று ஒரு நிறத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, ஆனால் அது என்னை எழுப்பி விரட்டுவதில்லை. சில நாள் அது நின்றதும் அவர் விழித்துக்கொண்டு மறுபடி போடுவார். அந்த நாட்களில் நான் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். இப்போது அதற்கு இருவரும் வெட்கப்படுவதில்லை. அக்காகூட வந்தால் ஹாலில் பாயை விரித்துக்கொண்டு, "நீங்க உங்க எடத்துலயே படுங்க" என்கிறார்.

தூக்கம் முழுசாகத் திரும்பவில்லை. நான் இன்னும் அசதியோடுதான் கிளம்புகிறேன். அவர் பிரஸ்ஸிலிருந்து பேக்கிங் பக்கத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். காதில் பஞ்சை வைக்காமல் ஷாப்புக்குள் நுழைவதில்லை. விசில் குறைந்ததா என்று அவ்வப்போது கேட்பேன்.

"அப்டியேதான் கீது," என்பார். "ஆனா நடுவுல நடுவுல மறந்துபூடறேன்மே."

மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தை அப்புறம் பார்க்கலாம் என்று ஹாலில் வெறுந்தரையில் சாய்ந்தேன். அவரும் கொஞ்சம் தள்ளி, துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்தார். எதிர் மனையில் புதுவீட்டுக்குத் தரைக்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கல் அறுக்கும் எந்திரம் தெருவையே கிழித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு யாரோ சுத்தியலால் மாடித் தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகையைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தவேண்டும் என்று நினைத்தேன்.

எழுந்தபோது வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது. தெருவில் வேலை முடிந்து ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்துகொண்டு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் சுவரோரம் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா உங்க ரெண்டு பேராலயும் இந்தச் சத்தத்துல தூங்க முடியுது? நான் ஜன்னலைச் சாத்திட்டுக் கூட ஒரு பக்கம் படிக்க முடியலை," என்றாள்.

"தெரியலடி," என்றேன். எழுந்திருக்க மனசில்லை. "அப்பாவை எழுப்பாதே. போய் டீ போடு, தானா எழுந்திருப்பார்."